இரவு நேர நூலக நுழைவும் அடையாள அட்டை விதிகளும்: டெல்லியில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டெல்லியின் பல்கலைக்கழகங்களில் பகலில் நூலகத்துக்குள் நுழைவது எளிது, இரவில் நுழைவது அப்படியல்ல. பகலில் அட்டையில் ஏதேனும் கோளாறு இருந்தால், கவுன்டரில் இருக்கும் ஊழியர் கணினியில் உங்கள் உறுப்பினர் எண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே அனுப்பிவிடுவார். மாலையில் கவுன்டர் மூடிய பிறகு வாயிலில் இருப்பவர் காவலர் மட்டுமே. அவருக்கு உங்கள் பதிவைத் திறந்து பார்க்கும் வசதியும் கிடையாது, விதியைத் தளர்த்தும் அதிகாரமும் கிடையாது. ஆகவே இரவு அனுமதி என்பது பகல் 5 மணிக்கு முன்பே முடித்துவைக்க வேண்டிய வேலை. கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை பகலில் செய்ய வேண்டியவையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

1922-இல் தொடங்கிய டெல்லிப் பல்கலைக்கழகம், 1969-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் (ஜே.என்.யூ.), ஜாமியா மில்லியா இஸ்லாமியா ஆகிய ஒவ்வொன்றும் தன் நூலகத்துக்குத் தனி விதிகளை வைத்துக்கொள்கிறது. ஜே.என்.யூ.வின் ஒன்பது மாடி அம்பேத்கர் மைய நூலகத்தில் நடப்பது அப்படியே ஜாமியாவின் ஜாகிர் உசேன் நூலகத்தில் நடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தேர்வுக் காலத்திலும் விடுமுறையிலும் நேரங்கள் மாறும். எனவே வாயில் பலகையில் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையைப் படிக்கும்போது முதலில் அதன் தேதியைப் பாருங்கள். போன ஆண்டுத் தாள் இந்த ஆண்டும் அங்கேயே தொங்கிக்கொண்டிருப்பது அரிதல்ல. பொதுவாக இரவில் திறந்திருப்பது வாசிப்புக் கூடம் மட்டுமே. நூல் அடுக்குகளும், நூல் வழங்கும் கவுன்டரும் மூடியிருக்கும். இரவில் படிக்கப் போகும் நூலை மாலையிலேயே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் படி: உங்கள் பெயர் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

அட்டை கையில் இருப்பதாலேயே அனுமதியும் இருக்கிறது என்று ஆகிவிடாது. இந்தப் பருவத்தில் நீங்கள் மாணவர்தானா என்பது கல்விப் பிரிவின் பதிவில் இருக்கிறது. உங்களுக்கு வழங்கிய அட்டையின் எண் அடையாள அட்டைப் பிரிவில் இருக்கிறது. நூலக உறுப்பினர் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்பது நூலகத்தின் கணினியில், பல இடங்களில் கோஹா போன்ற மென்பொருளில், இருக்கிறது. இவை ஒன்றோடொன்று எப்போதும் தாமாகப் பேசிக்கொள்வதில்லை. நீங்கள் புதிய பருவத்துக்குக் கட்டணம் கட்டி, துறையில் பதிவும் முடித்திருப்பீர்கள். ஆனால் நூலகக் கணினியில் உங்கள் உறுப்பினர் காலம் போன பருவத்தோடு முடிந்திருக்கும். பகலில் இது யார் கண்ணிலும் படாது. இரவு 10 மணிக்கு வாயில் கருவியில் சிவப்பு விளக்கு எரியும்போதுதான் தெரியும்.

ஆகவே பதிவு முடிந்த முதல் வாரத்திலேயே, கட்டண ரசீது, பதிவுச் சான்று, அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு நூலகக் கவுன்டருக்குச் செல்லுங்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. என் உறுப்பினர் காலம் எந்தத் தேதி வரை இருக்கிறது? இரவு நேர அனுமதி தானாகவே உண்டா, அல்லது தனி விண்ணப்பம் தர வேண்டுமா? இன்று நீங்கள் செய்யும் மாற்றம் வாயில் கருவிக்கு எப்போது போய்ச் சேரும்? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. கவுன்டர் கணினியில் மாற்றியது வாயிலில் உடனே தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; சில அமைப்புகளில் பட்டியலை ஒருவர் தனியாகப் பதிவேற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை புதுப்பித்துவிட்டு அன்றிரவே போய் நிற்பவர்கள் அதனால்தான் திரும்பி வருகிறார்கள்.

தனி விண்ணப்பம் தேவைப்படும் இடங்களில் துறைத் தலைவர் அல்லது ஆய்வு நெறியாளரின் கையொப்பம் கேட்பார்கள். விடுதியில் இருப்பவர் என்றால் வார்டனின் ஒப்புதலும் வேண்டியிருக்கலாம். கையொப்பமிட்ட விண்ணப்பத்தின் நகலில் பெறப்பட்டது என்ற முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வு மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி முனைவர் பட்டப் படிப்புக்கு அதிகபட்சம் 6 ஆண்டுகள்; மறுபதிவின் மூலம் மேலும் 2 ஆண்டுகள் வரை பெறலாம்; பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டுகள் சலுகை உண்டு. நீட்டிப்பு கிடைத்ததும் அட்டையில் அச்சிட்ட தேதி தானாக மாறிவிடாது. நீட்டிப்பு ஆணையின் நகலோடு அடையாள அட்டைப் பிரிவுக்கும் நூலகத்துக்கும் தனித்தனியாகப் போக வேண்டும்.

இரண்டாம் படி: பெயரும் தலைப்பெழுத்தும்

இது தமிழர்களுக்கென்றே வாய்த்த சிக்கல். வடக்கே விண்ணப்பப் படிவங்களில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். கடைசிப் பெயரைக் காலியாக விட்டால் படிவம் முன்னே நகராது. ச. முத்துக்குமார் என்பவர் ஓர் இடத்தில் முத்துக்குமார் எஸ் என்றும், இன்னோர் இடத்தில் முத்துக்குமார் சண்முகம் என்றும், வேறோர் இடத்தில் சண்முகம் முத்துக்குமார் என்றும் பதிவாகிவிடுகிறார். அட்டையில் அப்பாவின் பெயர் பெரிய எழுத்தில் விழுந்துவிட்டால், படிப்பு முடியும்வரை காவலர் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் உங்களை அழைப்பார். அதைச் சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம். ஆனால் அட்டை வேலை செய்யாத இரவில், காவலர் அச்சிட்ட பட்டியலில் உங்கள் பெயரைத் தேடும்போது அது சிரிப்பாக இருக்காது. எம் என்ற எழுத்தின் கீழ் அவர் தேடிக்கொண்டிருப்பார். நீங்கள் எஸ் என்ற எழுத்தின் கீழ் இருப்பீர்கள்.

இதற்குச் செய்ய வேண்டியது, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறதோ அதையே அடிப்படையாகக் கொள்வது. சேர்க்கையின்போதே அதே வடிவத்தைக் கல்விப் பிரிவிலும், அடையாள அட்டைப் பிரிவிலும், நூலகத்திலும் தரும்படி எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே வேறுவிதமாக அச்சாகியிருந்தால், பெயர்த் திருத்த விண்ணப்பத்தை நூலகத்தில் மட்டும் கொடுத்துப் பயனில்லை. கல்விப் பிரிவில் திருத்தினால்தான் மற்ற இடங்களில் திருத்த ஒப்புவார்கள். திருத்தம் வரும்வரை காவலரிடம் பெயரைச் சொல்வதைவிட பதிவு எண்ணைச் சொல்வது நல்லது. எண்ணுக்குத் தலைப்பெழுத்துச் சிக்கல் கிடையாது.

ஆதாரைக் காட்டினால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். ஆதார் நீங்கள் யார் என்பதைச் சொல்லும். நீங்கள் இந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் என்பதைச் சொல்லாது. அதனால் வளாக அட்டைக்கு அது மாற்று ஆகாது. புகைப்படத்தை ஒத்துப் பார்க்கும் துணை ஆவணமாக மட்டும் ஏற்றுக்கொள்ளக்கூடும். அப்படிக் காட்டும்போது, கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் காட்டுங்கள். அதன் படத்தைக் காவலரின் சொந்தக் கைபேசிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் மறுத்துவிடலாம்.

மூன்றாம் படி: அட்டையைப் பாதுகாப்பது

இப்போதைய வளாக அட்டைகளில் பலவும் கருவியின் அருகே காட்டினால் வேலை செய்யும் வகையைச் சேர்ந்தவை. அட்டைக்குள் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அது அட்டையின் ஓரங்களை ஒட்டிச் சுற்றி வரும். கருவி வெளியிடும் ரேடியோ அலையிலிருந்தே அந்தச் சுருள் மின்சாரத்தைப் பெற்று, சிப் எனப்படும் சில்லில் உள்ள எண்ணைச் சொல்கிறது. கழுத்துப்பட்டியில் மாட்டுவதற்காக அட்டையின் ஓரத்தில் நீங்களே துளை போட்டால் அந்தச் சுருள் அறுந்து போகலாம். பார்ப்பதற்கு அட்டை புத்தம் புதிதாக இருக்கும், ஆனால் கருவிக்கு அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. துளை வேண்டுமென்றால் உறைக்குப் போடுங்கள், அட்டைக்கு வேண்டாம்.

டெல்லியில் எல்லோர் பணப்பையிலும் மெட்ரோ அட்டை இருக்கும். அதுவும் இதே முறையில் வேலை செய்கிறது. இரண்டையும் ஒரே உறையில் வைத்து, பணப்பையோடு கருவியில் காட்டினால், இரண்டு அட்டைகளும் ஒரே சமயத்தில் பதில் சொல்ல, கருவி குழம்பிப் போய் எதையும் ஏற்காமல் விடுவது உண்டு. நாணயங்கள், சாவிக்கொத்து, உலோகத் தகடு உள்ள கைபேசி உறை ஆகியவையும் அலையைத் தடுக்கும். அட்டையைத் தனியாக எடுத்து, கருவியின் மேல் தட்டையாக வைத்து, ஒரு விநாடி அசைக்காமல் பிடியுங்கள். வேகமாக வீசிக் காட்டுவது அழகாகத்தான் இருக்கிறது. கருவி படிக்கத்தான் மாட்டேன் என்கிறது.

புகைப்படமும் முக்கியம். டெல்லிக் குளிரில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் குரங்குக் குல்லா, கழுத்துத் துணி, முகக்கவசம் என்று வந்து நிற்பவரின் முகத்தில் தெரிவது இரண்டு கண்கள் மட்டுமே. காவலர் குல்லாவை இறக்கச் சொன்னால் அது அவமதிப்பு அல்ல, அவர் வேலை. வாயிலுக்கு வரும் முன்பே முகத்தைத் திறந்துகொண்டு, அட்டையைக் கோட்டுக்கு வெளியே எடுத்துவைத்தால் பின்னால் நிற்பவர்களுக்கும் நல்லது. மீசை, தாடி, கண்ணாடி என்று முகம் வெகுவாக மாறியிருந்தால் புதிய படத்தோடு அட்டையை மாற்றிக்கொள்வதே முறை.

நான்காம் படி: வாயிலில்

ஓர் அட்டைக்கு ஓர் ஆள் என்பது எல்லா வளாகங்களிலும் உள்ள விதி. பின்னால் வருபவருக்குக் கதவைப் பிடித்துக்கொள்வது நம் பழக்கம். முகத்தில் அடித்தாற்போல் கதவை விடுவது நமக்கு வராது. ஆனால் இரவு வாயிலில் அந்த மரியாதை இருவரையும் சிக்கலில் மாட்டும். சில அமைப்புகளில், உள்ளே போனதாகப் பதிவு இல்லாத அட்டை வெளியே வர முடியாது. வெளியே வந்ததாகப் பதிவு இல்லாத அட்டை மறுபடி உள்ளே போகவும் முடியாது. நண்பரின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வெளியேறியவர், மறுநாள் இரவு தன் அட்டையை வைக்கும்போது, அவர் இன்னும் உள்ளேயே இருப்பதாகக் கருவி நினைத்துக்கொண்டு கதவைத் திறக்காது. அட்டை கெட்டுவிட்டது என்று அவர் புது அட்டைக்குப் பணம் கட்டுவார். கெட்டது அட்டை அல்ல. பகலில் நூலக அலுவலகத்தில் சொல்லி அந்தப் பதிவை நேர் செய்தால் போதும்.

இதே காரணத்தால், தேநீர் குடிக்க வெளியே போகும்போதும் அட்டையைக் காட்டிவிட்டே போக வேண்டும், பதிவேடு என்றால் வெளியேறும் நேரத்தை எழுத வேண்டும். ஜே.என்.யூ. வளாகத்துக் கடையான கங்கா டாபா வரை போய் வருகிறேன், இதற்குமா கையெழுத்து என்று தோன்றும். தீ விபத்து நேர்ந்தால் உள்ளே எத்தனை பேர் என்பதை அந்தப் பதிவை வைத்துத்தான் கணக்கெடுப்பார்கள். வெளியே போனவரைத் தேடி யாரேனும் புகைக்குள் நுழைய நேரக் கூடாது. அதேபோல், தீ எச்சரிக்கை ஒலித்தால் அட்டையைத் தேடி நிற்க வேண்டாம். மின்காந்தப் பூட்டு உள்ள வெளியேறும் கதவுகள் அந்நேரம் தாமாகத் திறந்துகொள்ளும்படி அமைக்கப்படுபவை.

மடிக்கணினி கொண்டு போனால் அதன் வரிசை எண்ணைப் பதிவேட்டில் எழுதச் சொல்லும் இடங்கள் உண்டு. எண் அடியில் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். ஒருமுறை படமெடுத்து வைத்துக்கொண்டால் ஒவ்வோர் இரவும் கணினியைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டியதில்லை. சொந்த நூல்களைக் கொண்டு போக அனுமதி இருந்தால் அவற்றையும் நுழையும்போதே காட்டிவிடுங்கள். வெளியேறும்போது காட்டினால் அது நூலகத்தின் நூல் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

சில வாயில்களில் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தருவார்கள். அப்படியென்றால் டோக்கன் எண்ணைப் பார்த்து வாங்குங்கள், திரும்பி வரும்போது கையில் வருவது உங்கள் அட்டைதானா என்று விளக்கடியில் பாருங்கள். தூக்கக் கலக்கத்தில் அட்டைகள் மாறிப் போவது நடக்கக்கூடியதே.

ஐந்தாம் படி: அட்டை ஏற்கப்படாவிட்டால்

முதலில் வாக்குவாதம் வேண்டாம். டெல்லிக் காவலர்களிடம் இந்தியில் இரண்டு வரி சொல்லத் தெரிந்திருப்பது பாதி வேலையை முடித்துவிடும்: “பையா, கார்ட் சல் நஹீ ரஹா ஹை, ரெஜிஸ்டர் மே என்ட்ரி கர் தீஜியே.” அட்டை வேலை செய்யவில்லை, பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள் என்று பணிவாகக் கேட்பதுதான் இது. கையால் எழுதி அனுமதிக்கும் அதிகாரம் அவருக்கு இருந்தால் அனுமதிப்பார். இல்லையென்றால் கட்டுப்பாட்டு அறையோடு பேசித் தரும்படி கேளுங்கள். கட்டண ரசீதும் பதிவுச் சான்றும் கைபேசியில் இருந்தால் அந்தப் பேச்சு விரைவில் முடியும். அங்கேயும் மறுத்தால் அன்றிரவு விடுதி வாசிப்பு அறைதான். நண்பரின் அட்டையை வாங்கி நுழைவது மட்டும் கூடவே கூடாது. பிடிபட்டால் இருவருடைய அட்டையும் பறிமுதலாகி, விவகாரம் மாணவர் ஒழுங்கைக் கவனிக்கும் புராக்டர் அலுவலகத்துக்குப் போய்விடும்.

அட்டை தொலைந்தால், தொலைந்தது தெரிந்த நேரத்திலேயே நூலகத்துக்கும் பாதுகாப்புப் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதி, அட்டையை முடக்கச் சொல்லுங்கள். நள்ளிரவில் யாரும் படிக்க மாட்டார்கள். ஆனால் அந்த நேரத்துக்குப் பிறகு உங்கள் அட்டையில் யாரேனும் நுழைந்தால் அது நீங்கள் அல்ல என்பதற்கு மின்னஞ்சலின் நேரமே சான்று. அதன்பின் டெல்லி காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த பொருள் அறிக்கையைப் பதிவு செய்யலாம். இதற்குக் காவல் நிலையம் போகத் தேவையில்லை. மாற்று அட்டைக்கான விண்ணப்பத்தில் அந்த அறிக்கையை இணைக்கச் சொல்வது வழக்கம். புதிய அட்டை வந்ததும், பழைய எண்ணை நூலகப் பதிவிலிருந்து நீக்கிப் புதிய எண்ணைச் சேர்த்தார்களா என்று முதல் படியில் சொன்னபடியே மீண்டும் பார்க்க வேண்டும்.

பெண் மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

நூலகம் இரவு முழுதும் திறந்திருந்தும் விடுதிக் கதவு 10 மணிக்கு மூடிவிட்டால் அந்த அனுமதியால் என்ன பயன்? 2015-இல் டெல்லியில் எழுந்த பிஞ்ரா தோட் (கூண்டை உடை) என்ற மாணவியர் இயக்கம் விடுதி நேரக் கட்டுப்பாடுகளை எதிர்த்ததில் இந்தக் கேள்வியும் இருந்தது. பாலியல் துன்புறுத்தல் தடுப்பு தொடர்பான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள், பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆண் மாணவர்களுக்கு இல்லாத பாகுபாடான விதிகளைப் பெண்கள் விடுதிகளில் விதிக்கக் கூடாது என்கின்றன. விடுதியில் இரவு நூலக அனுமதி மறுக்கப்பட்டால், இந்த விதிமுறையைச் சுட்டிக்காட்டி வார்டனுக்கு எழுத்தில் விண்ணப்பித்து, பதிலையும் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி மறுப்பை மேலே கொண்டுபோக முடியாது. அனுமதி கிடைத்ததும் நூலக நுழைவுக்கான அட்டைப் பதிவும் விடுதியின் வெளிச்செல்லும் பதிவேடும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி நேரத்தைச் சரியாக எழுதுங்கள்.

பதிவேட்டில் கைபேசி எண் கேட்கும் கட்டம் இருக்கும். அடுத்து எழுத வருபவர் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். எண் நூலகப் பதிவில் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி, அந்தக் கட்டத்தில் விடுதி பெயரையும் பதிவு எண்ணையும் மட்டும் எழுத அனுமதி கேட்பது நியாயமான கோரிக்கை. நூலகரிடம் பலர் சேர்ந்து கேட்டால் அந்தக் கட்டமே நீங்கவும் கூடும். மெட்ரோவின் கடைசி வண்டிகள் இரவு 11 மணியை ஒட்டிப் போய்விடும். ஆகவே வெளியே தங்கியிருப்பவர்கள் அதற்கு முன் கிளம்புவதா, விடியும்வரை உள்ளேயே இருப்பதா என்பதை நுழையும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். அவசர உதவிக்கு 112.

வெளியூர் ஆய்வாளர்கள்

மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ சில நாட்கள் வந்து டெல்லி நூலகத்தைப் பயன்படுத்த விரும்பும் ஆய்வாளர்கள், தம் நிறுவன நூலகரிடமிருந்து அறிமுகக் கடிதம் வாங்கி வர வேண்டும். அதைக் கொண்டு கிடைக்கும் தற்காலிக அனுமதி பொதுவாகப் பகலுக்கு மட்டுமே. இரவுக் கூடம் வளாகத்தவருக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். தேவைப்படும் நூல்களின் பட்டியலை முன்பே அனுப்பிவிட்டு வந்தால் பகல் நேரமே போதுமானதாக இருக்கும். அந்த நூலகத்தில் இல்லாத நூலுக்கு, ஜே.என்.யூ. வளாகத்தில் இயங்கும் டெல்நெட் என்ற நூலக வலையமைப்பு வழியாக நூலகங்களுக்கிடையே இரவல் பெறும் வழியும் உண்டு. உங்கள் நூலகம் அதில் உறுப்பினராக இருக்கிறதா என்று ஊரிலேயே கேட்டுவிட்டு வாருங்கள்.

ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாணவர்கள்

சமர்ப்பிப்பதற்கு முன் நூலகத்திடம் நிலுவையில்லாச் சான்று வாங்க வேண்டும். அதை வழங்கும்போது நூலகம் உங்கள் உறுப்பினர் கணக்கை மூடிவிடக்கூடும். அட்டையில் இன்னும் ஆறு மாதம் பாக்கி இருந்தாலும் இரவு அனுமதி அன்றே போய்விடும். வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் மாதங்கள் இருக்க, திருத்தங்களுக்கு நூலகம் தேவைப்படும். ஆகவே நிலுவையில்லாச் சான்றுக்கான விண்ணப்பத்தோடு, வாய்மொழித் தேர்வு முடியும்வரை வாசிப்புக் கூடத்தை மட்டும் பயன்படுத்த அனுமதி கேட்டு, நெறியாளரின் பரிந்துரையுடன் இன்னொரு கடிதத்தையும் அதே நாளில் கொடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் கவுன்டரில் கணக்கை மூடுவதற்குப் பதிலாக, நூல் எடுக்கும் உரிமையை மட்டும் நிறுத்திவைக்க வழியிருக்கிறதா என்று அவர்களே பார்ப்பார்கள். மூடிய கணக்கைத் திறக்கக் கேட்டுப் பின்னால் அலைவதைவிட இது எளிது.